குலுக்கிப் போடும் மருந்து

காரைக்குடி,
14-2-1974, வியாழன்.

அன்புள்ள அண்ணன் அவர்களுக்குத் தங்கை சுந்தரி வணக்கத்துடன் எழுதுவது.

மாதா மாதம் உங்களுக்கு வரும் கடிதத்தில் கையெழுத்து என்னுடையது, பேச்சு மதினியுடையது. இந்தக் கடிதத்தில் இரண்டுமே என்னுடையவை. நான் எழுதுவது மதினிக்குத் தெரியாது. சிங்கப்பூருக்கு ஒரு வரி போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். அம்மாவும் அதையே சொன்னார். இரண்டு பேரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போவது அபூர்வம் என்பதால் நானும் பத்து நாள் பேசாமல் இருந்துவிட்டேன். இனி முடியாது.

மதினிக்கு ஒரு கண்ணில் புண். காரைக்குடியில் டாக்டர் ஞானசம்பந்தம் என்பவரின் கண் ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். உயிருக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறார், என்னைத் திட்டுகிறார். நீங்கள் எந்தக் கடிதத்தையும் நடுவிலிருந்து படிப்பவர் என்று மதினி சொல்லியிருப்பதால் இதை முதலிலேயே எழுதிவிட்டேன். இனி நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தை பதினைந்தாம் தேதி களத்தில் நெல்லைப் பொலியாகக் குவித்துத் தூற்றிக்கொண்டிருந்தோம். காற்று திடீரென்று திசை மாறி, பதர் அப்படியே மதினியின் முகத்தில் அடித்தது. முந்தானையால் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி முறத்தை எடுத்தார். அப்பா வீட்டுக்குப் போகச் சொன்னார். அதற்கு மதினி, "இந்தப் பொலி முடியட்டும் மாமா, கண்ணு எங்குட்டும் ஓடிப்போகாது" என்றார்.

மறுநாள் காலையில் கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்து நீர் கொட்டியது. வீட்டில் யாரும் பதறவில்லை. ஏனென்றால் உங்கள் பெட்டியில் மருந்து இருந்தது. போன விடுமுறைக்குக் கப்பலில் வந்தபோது உங்களுக்குக் கண் சிவந்து, கப்பல் டாக்டர் கொடுத்த சின்ன பாட்டிலைப் பாதியோடு விட்டுப் போனீர்களே, அதேதான். கோடாலித் தைலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இந்த இரண்டு வருடத்தில் அது நம் தெருவுக்கே பொது மருந்தாகிவிட்டது உங்களுக்குத் தெரியாது. உங்கள் பெயரை வைத்து 'மருது கண் மருந்து' என்றுதான் கேட்டு வருவார்கள். கிழக்கு வீட்டுத் தங்கச்சாமி மாமாவுக்கு இரண்டு முறை போட்டாயிற்று. பெண் பார்க்க வருகிறார்கள் என்று மேலத்தெருவிலிருந்து ஒரு பெண்ணுக்கு வாங்கிப் போனார்கள். யாருக்குப் போட்டாலும் மறுநாள் சிவப்பு இருக்காது.

அம்மா மட்டும் நான் பார்த்துச் சொல்லாமல் மதினிக்குப் போடவிடவில்லை. பாட்டிலோடு சுற்றி வைத்திருந்த மெல்லிய தாளை என் முன்னால் விரித்து, "பூராத்தையும் படிச்சுச் சொல்லுடி, இம்புட்டுப் படிச்சதுக்கு அதாவது ஆகட்டும்" என்றார். இரண்டு பக்கமும் எறும்பு எழுத்து. என்னைச் சுற்றி நான்கு பேர். பாட்டில் மேல் கண்ணுக்கு மட்டும் என்றும், மூன்று வேளை இரண்டு சொட்டு என்றும் இருந்தது புரிந்தது. தாளில் இருந்த பல சொற்கள் புரியவில்லை. நான் படித்தது தாவரவியல். இலையின் குறுக்குவெட்டில் உள்ள ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்வேன். அந்தச் சொற்களை நான் எங்கேயும் பார்த்ததில்லை. நம் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். நான்கு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விரலைக் கடைசி வரி வரைக்கும் கொண்டுபோய்விட்டு, போடலாம் என்று சொன்னேன்.

இரண்டாம் நாளே சிவப்பு வடிந்தது. வலியும் குறைந்தது. மதினிக்கு ஒரே சந்தோஷம். "ஆளு வராட்டியும் அவுக மருந்தாவது வீட்டுல இருந்து பாக்குது" என்று அம்மா காதில் விழும்படியே சொன்னார். ஐந்தாம் நாள் கண்ணைத் திறக்க முடியவில்லை. தலைவலியும் வாந்தியும் வந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் இமையைத் தூக்கிப் பார்த்தேன். கருவிழியில் நொய்யரிசி அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி. மருந்தை இன்னும் அதிகமாகப் போட்டுப் பார்ப்போம் என்று அம்மா சொன்னார். சரியாகிவிடும், சரியாகிவிடும் என்று நானும் மூன்று நாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். புள்ளி பச்சரிசி அளவு ஆனபிறகு அப்பா பஸ்ஸுக்குக் கிளப்பினார்.

என்ன போட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். பாட்டிலை நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். திருப்பித் தரவே இல்லை. பிறகு அப்பாவிடம், "வீட்டுக்குள்ள திருடன் பூந்துட்டான், நாய் குலைக்குது. நீங்க திருடனை விட்டுட்டு நாயைக் கட்டிப் போட்டிருக்கீக" என்றார். அந்த மருந்து கிருமியைக் கொல்லாதாம். சிவப்பையும் வீக்கத்தையும் மட்டும் அடக்குமாம். கிருமியை எதிர்த்து உடம்பு போடும் சண்டைதான் அந்தச் சிவப்பு. சண்டையை நாங்கள் நிறுத்திவிட்டோம். கிருமி தன் பாட்டுக்கு வளர்ந்திருக்கிறது. அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

மரத்துப்போக மருந்து விட்டு, மெல்லிய கத்தியால் அந்தப் புண்ணைச் சுரண்டிக் கண்ணாடிச் சில்லில் தடவினார்கள். என்ன கிருமி என்று பார்ப்பதற்காம். மதினி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் இரண்டு கண்ணாடி வளையல் உடைந்தது. வெளியே வந்ததும், "வளையலுக்கு உங்க அண்ணனுக்கு எழுதிக் கேட்டுக்கத்தா" என்றார். நான்தான் அழுதேன்.

பாக்டீரியா என்று தெரிந்தது. அதைக் கொல்ல ஒரு சொட்டு மருந்து மணிக்கு ஒரு தடவை. கண்ணின் வெள்ளையில் ஊசி வேறு. இங்கே நர்ஸ் விசாலம் ஒருவர்தான், நோயாளிகள் பன்னிரண்டு பேர். அதனால் கூட வந்தவர்களே மருந்து போட்டு, கட்டில் தலைமாட்டில் தொங்கும் தாளில் நேரத்துக்கு எதிரே சரிக்குறி போட வேண்டும். பழைய செட்டியார் வீட்டை வாடகைக்கு எடுத்து ஆஸ்பத்திரி ஆக்கியிருக்கிறார்கள். தூணுக்குத் தூண் கட்டில். முற்றத்து வெளிச்சம் கண்ணைக் குத்தாமல் இருக்கக் கறுப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். பகலிலும் எல்லோரும் மெல்லத்தான் பேசுகிறோம், ஏன் என்று தெரியவில்லை.

இன்று காலை டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, கிருமி அடங்கிவிட்டது என்றார். புள்ளி பரவவில்லை. ஆனால் கண்ணுக்குள் வீக்கம் குறையவில்லை. கருவிழிக்குப் பின்னால் அடியில் பிறை போலச் சீழ் நிற்கிறது. ஆகவே முதல் மருந்தோடு இன்றிலிருந்து இரண்டாவதாக ஒரு மருந்து, நான்கு வேளை. முதல் சொட்டை நர்ஸ் போட்டார். அதன் பிறகு பாட்டிலை எடுத்து வைக்கும்போது மேலே இருந்ததைப் படித்தேன்.

கம்பெனி வேறு. நிறம் வேறு. கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர், டாக்டரின் இழுப்பறையில் பூட்டியிருக்கிறதே, அதே பெயர்.

மூன்று தடவை படித்துவிட்டேன். டாக்டர் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். நாளை கேட்டுவிட வேண்டும்.

மருந்தை விட்டுவிட்டுப் போனோமே என்று நீங்கள் உங்களை நொந்துகொள்ளக் கூடாது. அது உங்களுக்குக் கொடுத்த மருந்து. எங்களுக்குக் கொடுத்தது நான். ஆஸ்பத்திரி விலாசத்துக்கு, என் பெயருக்கே எழுதுங்கள்.

தங்கள் அன்புத் தங்கை,
சுந்தரி.


காரைக்குடி,
18-2-1974, திங்கள், பகல் இரண்டு மணி.

அன்புள்ள அண்ணனுக்கு,

வியாழக்கிழமை எழுதிய கடிதம் இன்னும் உங்கள் கைக்கு வந்திருக்காது. அதற்குள் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

நான் டாக்டரிடம் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவர் வந்தபோது கூட இரண்டு பேர் இருந்தார்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு முன்னால் இரவெல்லாம் என்ன வார்த்தையில் கேட்பது என்று யோசித்து வைத்திருந்தேன்.

அண்ணன், அந்த இரண்டாவது மருந்தை நான் ஒரு சொட்டுகூடப் போடவில்லை. வியாழக்கிழமை நர்ஸ் போட்டது ஒன்றுதான். பாட்டில் என் ஒயர் கூடையில் சேலைக்கு அடியில் இருக்கிறது. முதல் மருந்தை நேரம் தவறாமல் போடுகிறேன். ஆனால் தாளில் இரண்டு மருந்துக்கும் கட்டம் இருக்கிறது. இரண்டாவதைக் காலியாக விட்டால் கேட்பார்கள் அல்லவா? ஆகையால் அதிலும் சரிக்குறி போட்டேன். இன்று காலை வரை பதினைந்து. பதினைந்தும் பொய்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பீர்கள். அந்த மருந்து அந்தக் கண்ணில் என்ன செய்தது என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தவள். அதே கையால் அதே மருந்தை எப்படிப் போடுவேன்? டாக்டருக்குப் பன்னிரண்டு கட்டில், வெளியே பெஞ்சில் முப்பது பேர். மறந்து எழுதியிருக்கலாம் என்று நினைத்தேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமலே கண் சரியாகிவிடும், அப்போது நான் செய்தது சரி என்று ஆகும் என்றும் ஓர் ஆசை இருந்தது. போன தடவை படிக்காமல் சொன்னதற்கு இந்தத் தடவை படித்து ஈடு செய்வதாக எண்ணிக்கொண்டேன்.

கண் சரியாகவில்லை.

இன்று காலை டாக்டர் வெகுநேரம் பார்த்தார். விளக்கை அணைத்தார், போட்டார், மறுபடி பார்த்தார். பிறை அப்படியே நிற்கிறது. சிவப்பு கூடியிருக்கிறது. கருவிழியின் ஓரத்திலிருந்து மெல்லிய இரத்தக் குழாய்கள் உள்ளே வரத் தொடங்கியிருக்கின்றனவாம். தலைமாட்டுத் தாளை எடுத்து என் சரிக்குறிகளை மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு நர்ஸிடம், "நாலு நாள் இதப் போட்டும் அடங்கலைன்னா நான் நெனச்சது தப்பு. நெல்லு பட்ட கண்ணு. உள்ள பூஞ்சை இருக்கும்" என்றார். பூஞ்சையாக இருந்தால் இந்த மருந்து அதை வளர்த்துவிடுமாம். இரண்டு மருந்தையும் உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார். நாளைக் காலை எட்டு மணிக்கு மறுபடி சுரண்டிப் பார்க்கப் போகிறார்.

பூஞ்சை எனக்குத் தெரிந்த விஷயம். பரீட்சைக்காக ரொட்டித் துண்டில் வளர்த்து, பெயர் எழுதி, படம் வரைந்திருக்கிறேன். அது பூஞ்சை இல்லை என்றும் எனக்குத் தெரியும். அது என்னுடைய பதினைந்து சரிக்குறி.

புண் ஆறிக்கொண்டு வரும் இடம் பூண்டுத் தோல் மாதிரி மெலிந்திருக்கிறது என்று நர்ஸ் விசாலம் சொன்னார். அங்கே மறுபடி கத்தி வைப்பது டாக்டருக்கே பிடிக்கவில்லையாம். ஓட்டை விழுந்தால் கண்ணே போய்விடும். வேறு வழி இல்லை என்பதால் செய்கிறாராம். வேறு வழி என் கூடையில் இருக்கிறது.

மதினி, "சுரண்டட்டும்த்தா. போன தடவ நீதான அழுத, நான் அழுகலையே" என்றார். நேற்று ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்து போனதிலிருந்தே பேச்சுக் குறைவுதான். அம்மா புட்டு அவித்துக் கொண்டுவந்தார். மதினிக்கு ஊட்டக்கூடச் செய்தார். போகும்போது தூண் ஓரத்தில் நர்ஸை நிறுத்தி, குணமானால் வெளியில் பார்க்கிறவர்களுக்குக் கண்ணில் வெள்ளை தெரியுமா என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். கண் மூடிக் கிடக்கிறவர்களுக்குக் காது எவ்வளவு கூர்மை என்று அம்மாவுக்குத் தெரியாது.

டாக்டர் அறை வாசலுக்கு நான் இன்று மூன்று தடவை போய்விட்டேன். முதல் தடவை ஆள் இருந்தது. இரண்டாவது தடவை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை அவரே நிமிர்ந்து பார்த்து, என்னம்மா என்று கேட்டார். குடிதண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். இரண்டு வாரமாக அந்தப் பானையில்தான் தண்ணீர் குடிக்கிறேன்.

எதிர்வாடையில் தபால்பெட்டி இருக்கிறது. நாலரைக்கு வந்து எடுக்கிறார்கள். டாக்டர் ஐந்து மணிக்கு மறுபடி வருவார். இதைப் பெட்டியில் போட்டுவிட்டால் என்னால் திரும்ப எடுக்க முடியாது. ஒரு வாரத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும். கடலுக்கு அங்குட்டு இருக்கும் உங்களுக்குத் தெரியப்போவதைப் பத்தடி தள்ளி இருக்கும் டாக்டரிடம் சொல்லாமல் எப்படி இருப்பது? அதற்காகத்தான் எழுதுகிறேன். வேறு எப்படி என்னைத் தள்ளிவிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கடிதம் உங்களிடம் வந்தால் நான் சொல்லிவிட்டேன் என்று அர்த்தம். அப்படி ஆக வேண்டும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சுந்தரி.


கண்டரமாணிக்கம்,
8-3-1974, வெள்ளி.

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் ஆஸ்பத்திரிக்கு வந்து, நர்ஸ் விசாலம் வாங்கி வைத்திருந்து, நேற்று சோதனைக்குப் போனபோது கைக்குக் கிடைத்தது. நாங்கள் போன சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டோம். இரண்டு நாளைக்கு ஒரு தடவை பஸ்ஸில் போய்க் காட்டிவிட்டு வருகிறோம். என் இரண்டாவது கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்குத் தூங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தந்தி கொடுத்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று ஐந்து மணிக்கு நான் பேசவில்லை. பேசக் கூடியிருந்தால் வெள்ளிக்கிழமையே பேசியிருப்பேன். கூடையிலிருந்து பாட்டிலை எடுத்து டாக்டர் மேசை மேல் வைத்தேன், பக்கத்தில் தாளையும் வைத்தேன். அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கழுத்து வரை மருந்து இருந்தது. தாளைப் பார்த்தார். எத்தனை சொட்டு போட்டாய் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். பாட்டிலில் இருந்த பெயரை விரலால் காட்டினேன். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன்.

வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது அவர் பேசியது. "பேரைப் படிச்சிருக்க. எப்பப் போடணும்கிறது பேருல எழுதியிருக்காதும்மா. நாளைக்கு அந்தக் கண்ணுல நான் கத்தி வச்சிருப்பேன். அதுவும் உன் தாளை நம்பி வச்சிருப்பேன்." இன்னும் நிறையச் சொன்னார். அதையெல்லாம் எழுதவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பிறகு அவரே எழுந்து மதினியிடம் வந்து, உங்கள் நாத்தனார் நான்கு நாளாக இரண்டாவது மருந்தைப் போடவே இல்லை என்றார். மதினி, "தெரியுமுங்க" என்றார்.

டாக்டர் நின்றுவிட்டார். நானும்தான்.

அந்த மருந்து பாலில் மாவு கலந்ததுபோல இருக்கும். அடியில் தங்கிவிடும். போடுமுன் நன்றாகக் குலுக்க வேண்டும். நர்ஸ் முதல்நாள் குலுக்கிய சத்தம் மதினிக்குக் கேட்டிருக்கிறது. அதன் பிறகு நான் மருந்து போட்டபோதெல்லாம் காதை வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பிறகு ஏன் சொல்லவில்லை என்று டாக்டர் அதட்டினார். அதற்கு மதினி சொன்ன பதில் இது: "படிச்ச புள்ள. எதையாச்சும் பாத்துட்டுத்தான் போடாம இருக்குன்னு இருந்துட்டேனுங்க."

டாக்டர் திட்டியபோது நான் தலைகுனிந்து நின்றேன், அவ்வளவுதான். இதைக் கேட்டபிறகு எனக்கு நிற்க முடியவில்லை. அங்கேயே கட்டில் காலடியில் உட்கார்ந்து, முதல் தாளின் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு வீட்டில் எனக்கு அந்தத் தாள் புரியவில்லை, புரியாமலேதான் போடலாம் என்றேன் என்று.

மதினி என்னோடு மறுநாள் மதியம் வரை பேசவில்லை. நர்ஸைக் கூப்பிட்டுத்தான் மருந்து போட்டுக்கொண்டார். நான் சோறு வைத்தால் சாப்பிட்டார். தட்டை எடுத்தால் கையைக் கழுவினார். மதியம் தானாகவே ஆரம்பித்தார். "எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. என்னைக்காச்சும் அதுக்கு நான் வெக்கப்பட்டுப் பாத்திருக்கியா? உனக்கு நாலு சொல்லு தெரியலைங்கிறதுக்கு என் கண்ணுதானாடி கெடைச்சது?" பிறகு, "மணி ஆச்சு. நீயே போடு. குலுக்கிட்டுப் போடு, எனக்குக் கேக்கணும்" என்றார். அவர் காதுக்குப் பக்கத்தில் பாட்டிலைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போட்டேன்.

சுரண்டவில்லை, அண்ணன். அதை முதலில் எழுதியிருக்க வேண்டும். ஒரு மஞ்சள் சாயத்தைக் கண்ணில் விட்டுப் புண்ணின் மேல்தோல் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு மருந்தையும் அன்றே திரும்ப ஆரம்பித்தார். மூன்றாம் நாள் சிவப்பு இறங்கியது. ஆறாம் நாள் அந்தப் பிறை இல்லை. கிருமி செத்த பிறகும் சண்டைக்கு வந்த வீக்கம் தானாகப் போகாதாம். விட்டால் கருவிழியில் கெட்டியாக வெள்ளைத் தழும்பு விழும்படி செய்துவிட்டுத்தான் போகுமாம். "திருடன் போயிட்டானாம், இப்ப நாய் வீட்டுக்காரவுகளையே கடிக்குதாம்" என்று பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு மதினி விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். கிருமி மருந்து இல்லாமல் தனியாக இதைப் போடவே கூடாது. சிவப்பு போய்விட்டது என்று நாமாக நிறுத்தவும் கூடாது. இந்த வாரம் மூன்று வேளை, அடுத்த வாரம் இரண்டு, அதற்கடுத்து ஒன்று என்று டாக்டர் பார்த்துப் பார்த்துக் குறைக்கிறார்.

வீணான நான்கு நாளால் தழும்பு எவ்வளவு கூடியிருக்கும் என்று ஒருநாள் தனியாகக் கேட்டேன். இப்போது எனக்குக் கேட்க வருகிறது. "அதத் தெரிஞ்சுக்கிட்டு என்ன செய்யப்போற" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அது தெரியாமலேதான் நான் இருக்க வேண்டும் போலிருக்கிறது.

பார்வை இருக்கிறது. வந்த அன்று அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. நேற்று டாக்டர் பத்தடி தள்ளி நின்று விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டார். மதினி, மூன்று என்றும், அதில் ஒன்றில் மோதிரம் என்றும் சொன்னார். நல்ல கண் அளவுக்கு இல்லை. ஊசியில் நூல் கோக்க அந்தக் கண் உதவாது. அது இதற்கு மேல் எவ்வளவு தெளியும் என்று மூன்று மாதம் கழித்துத்தான் சொல்ல முடியுமாம்.

ஊரில் எல்லோருக்கும் சுகம். உங்கள் மருந்தைக் கேட்டு இன்னும் ஆள் வருகிறது. இல்லை என்றால் நம்ப மறுக்கிறார்கள். தங்கச்சாமி மாமா, "எனக்குச் சேந்த மருந்து உங்களுக்குச் சேரலைன்னா மருந்து என்ன செய்யும்" என்று கோபித்துக்கொண்டார். வாசலில் வைத்தே எனக்குத் தெரியாது மாமா, காரைக்குடியில் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள் என்று சொன்னேன். இதற்கா காலேஜுக்குப் போனாள் என்று கேட்டுவிட்டுப் போனார். போகட்டும்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதை மதினிக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு கேள்விகளை மட்டும் வாசிக்காமல் தாண்டினேன். மதினி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "எதையோ தாண்டிட்டுப் போற" என்றார். இனிமேல் எதையும் தாண்டுவதில்லை என்று ஆஸ்பத்திரியில் நான் சொல்லியிருந்தேன். ஆகையால் திரும்பப் போய் வாசித்தேன். எந்தக் கண் என்று கேட்டிருந்தீர்கள். குணமான பிறகு வெளியில் தெரியுமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

நீங்கள் கவலையில்தான் கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். மதினி தவிட்டைக் கலக்கி முடித்து, மாட்டுக்கு வைத்துவிட்டு, கையைக் கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். வழக்கமாகக் கடிதம் வாசித்து முடித்ததும், எழுதுத்தா என்று பக்கத்தில் வந்து உட்காருவார். இன்றைக்கு உட்காரவில்லை. அதனால் இதையும் நானே எழுதுகிறேன்.

எந்தக் கண் என்று நான் இரண்டு கடிதத்திலும் எழுதவில்லை. வேண்டுமென்று விட்டதில்லை. இப்போது வேண்டுமென்றே விடுகிறேன். வெளியில் தெரியுமா என்பதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாது. களத்தில் எதிரே நின்று முறம் வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. அம்மா தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், அவருக்கே தெரியவில்லை. வெயிலில், முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில் பார்த்தால், கண்ணாடியில் மூச்சு பட்டதுபோலச் சின்னதாக ஒரு மங்கல் இருக்கிறது. மருந்து போடுகிற எனக்குத் தெரியும். அவ்வளவு பக்கத்தில் வருகிற வேறு யாருக்காவது தெரியும்.

வாருங்கள் அண்ணன். விடுமுறை எப்போது என்று எழுதுங்கள், மதினி பெயருக்கு எழுதுங்கள்.

என்றும் தங்கள் வரவை எதிர்பார்க்கும் தங்கை,
கல்யாணசுந்தரி.